அவர் வாயால் ஒரு முறை

கம்போங் பாசிர் கெலாம், பேராக்
6 பிப்ரவரி 1994

அன்புள்ள அபாங் மொக்தார்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் அண்ணி நொரைனியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அப்பாவின் உடம்புக்கும் குறை ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

பேச்சுதான் விசித்திரமாகிவிட்டது. போன மழைக்காலத்தில் நீங்கள் வந்தபோது பெயர்களை மட்டும் மறந்துகொண்டிருந்தார் அல்லவா? இப்போது தனக்கென்று ஒரு சொல்லும் அவரிடம் இல்லை. எதிரில் இருப்பவர் சொன்னதை அதே தொனியில் திருப்பிச் சொல்கிறார். "பசிக்குதா?" என்று கேட்டால் "பசிக்குதா?" என்று என்னைக் கேட்கிறார். யாரும் பேசாத நேரத்தில், ஆற்றில் தூரத்துப் படகு மோட்டார் போல, தொண்டைக்குள்ளேயே முனகிக்கொண்டிருக்கிறார்.

சென்ற வாரம் மாக் தே அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்துப்போயிருந்தோம். அத்தை மகன் ஜலீல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, மியாவ்!" என்றான். அப்பா "மியாவ்" என்றார். பந்தலே சிரித்தது. பிறகு யாரோ பின்னாலிருந்து "ஜலீல் ஒரு கழுதை!" என்றார்கள். அப்பா அதையும் அப்படியே சொன்னார். "வாத்தியார் இப்பதான்டா உள்ளத உள்ளபடி பேசுறாரு!" என்று ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார். எனக்கு வேதனையாகத்தான் இருந்தது. ஆனால் அத்தை, "இது நோயில்லடி, இதுக்கு லத்தான்னு பேரு. எங்க பாட்டிக்கும் இருந்துச்சு. திடுக்குனு ஏதாவது சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லும். ஊரே சிரிக்கும், அதுவும் சிரிக்கும். சும்மா விடு" என்றார்.

அம்மா சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சமையல்கட்டு வாசலில் நின்று அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோன்பு தொடங்கப்போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தங்கை
சல்மியா


பெட்டாலிங் ஜெயா
14 பிப்ரவரி 1994

அன்புத் தங்கை சல்மியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் அனைவரின் நோன்பையும் இறைவன் ஏற்றுக்கொள்வானாக. நாங்கள் நலம்.

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். முதல் முறை நம்ப முடியவில்லை. இரண்டாம் முறை, நம்பாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நம் தந்தை இருபத்தேழு ஆண்டுகள் அந்த ஊரின் தலைமையாசிரியராக இருந்தவர். பந்தலில் சிரித்தவர்களுள் பாதிப்பேர் அவரிடம் எழுத்துக் கற்றவர்கள். அவர் வாயிலிருந்து பூனையின் சத்தத்தை வரவழைத்து மகிழ்ந்தவர்கள், தாங்கள் கற்ற எழுத்தை மறந்துவிட்டிருந்தாலும் குறைந்தபட்ச மரியாதையை நினைவில் வைத்திருக்கலாம்.

அது லத்தா அல்ல. நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் நரம்பியல் பார்க்கும் நண்பரிடம் விரிவாகக் கேட்டேன். லத்தா உள்ளவர் திடுக்கிட்டால் மட்டுமே திருப்பிச் சொல்வார். அடுத்த கணம் வெட்கப்படுவார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரியும். அப்பாவுக்கு வந்திருப்பது மூளை தேயும் நோய். காதில் விழுவது நாவுக்கு வருகிறது; நடுவே பொருளை ஆராயும் இடம் பாழடைந்துவிட்டது. அந்த முனகலும் அதே நோயின் கூறுதான். ஆகவே, இனி அவரை எந்த விருந்துக்கும் அழைத்துச் செல்லாதே. ஜலீலை வீட்டுக்குள் விடாதே. இவை என் வேண்டுகோள்கள் அல்ல.

பெருநாளுக்கு இவ்வாண்டு நொரைனியின் ஊருக்குப் போகிறோம். அவள் தாயார் தனியாக இருக்கிறார். அம்மாவிடம் என் ஸலாமைச் சொல்.

மொக்தார்


பாசிர் கெலாம்
29 மார்ச் 1994

அன்புள்ள அபாங்,

அஸ்ஸலாமு அலைக்கும். தாமதத்துக்கு மன்னியுங்கள். உள்ளும் புறமும் என்னால் ஏற்பட்ட பிழைகளையும் பெருநாள் முறைப்படி மன்னித்துவிடுங்கள். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உட்கார்ந்து படியுங்கள்.

பெருநாளின் மூன்றாம் நாள் அப்பா அம்மாவுக்குத் தலாக் சொல்லிவிட்டார்.

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காக் யாம் கேட்டிருக்கிறார். "உன்ன ஒரு தலாக்குல விட்டுட்டேன்" என்று, தெளிவாக, பள்ளிக்கூடத்தில் பேசும் குரலில். கையிலிருந்த ஈரத் துணி மண்ணில் விழுந்ததையும் கவனிக்காமல் ஓடிவந்தார். அதற்குள் அம்மா தலையணையையும் தொழுகைத் துணியையும் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். இப்போது என் வீட்டில் இருக்கிறார். நடுவில் இருப்பது ஒரு வாழைத்தோப்புதானே. இங்கிருந்தே அப்பாவின் முனகல் கேட்கிறது. ஆனால் அம்மா அந்தப் பக்கம் போவதில்லை. அவர் கையைத் தொட்டால் பாவம் என்று யாராவது சொல்வார்களோ என்ற பயம் எனக்கு. அம்மாவுக்குப் பயம் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்பாவைக் குளிப்பாட்ட படகுத்துறை பாக் சூட் வருகிறார். நான் பாலர் பள்ளி வேலை முடிந்து வந்து சோறு ஊட்டுகிறேன். அப்பா கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். ஊர் முழுக்க இதே பேச்சு. அத்தை வந்து, "அம்பது வருஷம் வாழ்ந்துட்டு இப்பவாடி?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சல்மியா


பெட்டாலிங் ஜெயா
4 ஏப்ரல் 1994

சல்மியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். உன் பிழை எதுவும் என் கணக்கில் இல்லை.

கடிதம் வந்த அன்று இரண்டு வகுப்புகளை ரத்து செய்தேன்.

புத்தி பேதலித்தவர் சொல்லும் தலாக் தலாக்கே அல்ல. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அது செல்லும் என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும், இத்தா எனும் காத்திருப்புக் காலம் முடியும்வரை மனைவி கணவனின் வீட்டிலேயே இருக்க வேண்டும். தலையணையோடு வாழைத்தோப்பைக் கடக்க வேண்டிய தேவை இல்லை. அம்மாவுக்கு இதை எவரும் எடுத்துச் சொல்லவில்லையா?

எனினும் என் கேள்வி சட்டம் பற்றியது அல்ல. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். எதிரில் இருப்பவர் சொன்னதை மட்டுமே அவர் சொல்வார். அப்படியானால் அந்த வாக்கியத்தை அவர் முன்னால் முதலில் சொன்னது யார்? ஒரு மனிதன் நம் வீட்டுக்குள் நுழைந்து, நினைவிழந்த கிழவரின் எதிரில் உட்கார்ந்து, ஒரு குடும்பத்தைக் கலைக்கும் சொற்களை அவர் நாவில் வைத்திருக்கிறான். சிரிப்பதற்காகவே செய்திருப்பான். கல்யாணப் பந்தலில் யார் தொடங்கினார் என்பது எனக்குத் தெரியும். ஜலீலுக்குத் தனியே எழுதிவிட்டேன். அவனைப் பெற்ற தாயின் வயிற்றைப் பழித்தும் ஒரு வரி எழுதினேன்.

அன்று வீட்டில் இருந்தவர் யார் யார்? எனக்குப் பெயர்கள் வேண்டும்.

மொக்தார்


பெட்டாலிங் ஜெயா
16 மே 1994

சல்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடல்நலம் குன்றியிருந்தால் காக் யாமை விட்டாவது ஒரு வரி எழுதச் சொல். பதில் இல்லாத ஒவ்வொரு நாளும் உன் மௌனத்துக்கு நானே பொருள் கற்பிக்கவேண்டியிருக்கிறது.

போன வாரம் ஜலீல் தான் ஓட்டும் லாரியை எங்கள் பல்கலைக்கழகத் துறையின் வாசலிலேயே நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தான். மாணவர்கள் நின்ற நடைவழியில், குரலைத் தாழ்த்தாமல் பேசினான்.

"அபாங், மியாவ்னு சொல்ல வச்சது நான்தான். தப்புத்தான், செருப்பால அடிங்க. ஆனா பெருநாள் மூணாம் நாள் நான் தாய்ப்பிங்ல லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். புருஷன் பொண்டாட்டியப் பிரிக்கிற வார்த்தைய விளையாட்டுக்குக்கூட நான் நாக்குல வைக்க மாட்டேன். எங்கம்மாவப் பத்தி எழுதியிருந்தீங்களே, அவங்க அந்த வரியப் படிச்சுட்டு ரெண்டு நாள் சோறு தின்னல. நீங்க பெரிய படிப்பு படிச்சவரு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்: மாமாவக் குளிப்பாட்ட எப்ப வர்றீங்க?"

அன்றைய லோடு சீட்டை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனான். சீட்டைப் பார்த்தேன், அவன் அன்று தாய்ப்பிங்கில் இருந்தது உண்மை.

எனவே, அது வேறொருவர். மாவட்ட ஷரியா நீதிபதியான காதிக்கு எழுதியிருக்கிறேன். அவர் நேரில் வந்து அம்மாவிடம் சட்டத்தை விளக்குவார். அம்மா வீடு திரும்பட்டும். நான் கேட்ட பெயரை நீ இன்னும் எழுதவில்லை.

மொக்தார்


பாசிர் கெலாம்
9 ஜூன் 1994

அன்புள்ள அபாங்,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். நான் நோயாளி இல்லை, கோழை.

காதி வந்தார். நல்ல மனிதர், வயதில் நம்மைவிட இளையவர். முதலில் அப்பாவோடு கொஞ்ச நேரம் இருந்தார். "வாத்தியாரே, நான் யாரு?" என்று கேட்டிருக்கிறார், "நான் யாரு?" என்று பதில் வந்திருக்கிறது. பிறகு என் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார்:

"அவர் சொன்னது செல்லாதும்மா. புத்தி தெளிவா இல்லாதவர் சொன்ன சொல்லு, காத்து கதவத் தட்டுன மாதிரி. நீங்க இன்னும் அவர் மனைவிதான். தாராளமா வீட்டுக்குப் போகலாம்."

"தெரியும் துவான்" என்றார் அம்மா.

"தெரியுமா?"

"அம்பது வருஷமா வாத்தியார் பொண்டாட்டி. அதுகூடத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா வெளிய வந்தீங்க?"

"அவரு விட்டுட்டேன்னாரு. வந்துட்டேன்."

"யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. அவன் யாருன்னுதான் உங்க மகன் கேக்குறாரு."

அம்மா தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். "நான்தான் சொல்லிக் குடுத்தேன் துவான். ஆறிப்போகுது, குடிங்க."

காதி கோப்பையைத் தொடவே இல்லை. எனக்கு அது புதிய செய்தி அல்ல, அபாங். அன்று நான் அப்பாவின் வீட்டுச் சமையல்கட்டில் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன்.

தொடங்கியது பெருநாள் காலையில். தொழுகை முடிந்ததும் வழக்கம்போல அம்மா அப்பாவின் முன் மண்டியிட்டு, கையை முத்தமிட்டு, "எல்லாத்துக்கும் என்னை மன்னிச்சிடுங்க" என்றார். அப்பா சொன்னார்: "எல்லாத்துக்கும் என்னை மன்னிச்சிடுங்க."

அம்மா முத்தமிட்ட கையை விடவே இல்லை. நான் போய்த் தோளைத் தொடும்வரை எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று பெருநாள்களில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை என்று பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள், அப்பாவுக்குத் தலைமுடி வாரிவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சொல்லுங்க, ரொக்கியா" என்று தன் பெயரைச் சொன்னார். "சொல்லுங்க, ரொக்கியா" என்றார் அப்பா. அம்மா, "உன்ன ஒரு தலாக்குல விட்டுட்டேன்" என்றார். அப்பா அதையும் சொன்னார். அம்மா அவருடைய கழுத்துப்பட்டையைச் சரிசெய்துவிட்டு எழுந்தார்.

இதை நான் எப்படி உங்களுக்கு எழுதுவேன்?

சல்மியா


பெட்டாலிங் ஜெயா
15 ஜூன் 1994

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் உடல்நலத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் இறைஞ்சுகிறேன்.

ஒரு மகன் தன் தாய்க்கு எழுதத் தகாத கடிதம் இது என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஜலீலும் அவன் கூட்டாளிகளும் அப்பாவிடமிருந்து ஒரு பூனையின் சத்தத்தைப் பறித்தார்கள். அவர்கள் மூடர்கள்; அறியாமல் செய்தார்கள். தாங்கள் அறிந்தே செய்தீர்கள். செல்லாது என்றும் அறிந்திருந்தீர்கள். மறுக்கும் சக்தியற்ற ஒருவரின் நாவைக் கருவியாக்கி, ஊரின் முன் அவரை மனைவியைத் துரத்திய கிழவராக நிறுத்திவிட்டீர்கள். நான் மூன்று மாதங்களாகத் தேடிய கயவனுக்காகச் சேர்த்துவைத்திருந்த சொற்கள் இப்போது எனக்குப் பயன்படவில்லை. அவற்றை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

ஏன் செய்தீர்கள்? அவரைப் பார்த்துக்கொள்ள முடியாத சோர்வு என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆள் வைத்திருப்பேன்.

மொக்தார்


பாசிர் கெலாம்
2 ஜூலை 1994

என் மகன் மொக்தாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மனைவி மக்களும் நலமாக இருங்கள். என் கண் இப்போது மங்கல். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இதைச் சல்மியாவை எழுதவிடவில்லை.

சோர்வு இல்லை. உன் அப்பாவைத் துடைப்பதும் துவைப்பதும் எனக்குச் சிரமமே இல்லை. இப்போதும் அவருக்குச் சமைப்பது நான்தான். துரியான் புளிக்குழம்பு வைத்துப் பாக் சூட்டிடம் கொடுத்தனுப்புகிறேன். இவ்வளவு சாதுவாக அவர் என்றுமே இருந்ததில்லை.

சல்மியா பிறப்பதற்கு முந்திய வருடம் நான் அவரிடம் விடுதலை கேட்டேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சாயங்காலம் வந்து அடித்தார். என் இடது காது அன்றைக்குப் போனது. ஊருக்குக் காய்ச்சலில் போனது என்று சொன்னேன். பிறகும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் பேச்சு கிடையாது, கைதான் பதில்.

பெருநாள் அன்று அவர் மன்னிப்புக் கேட்டது எதிரொலி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் குரல் அவருடையது. அந்தக் குரலில் இன்னொன்றையும் ஒரு முறை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன். நீ சொன்னதுபோல அது தப்புத்தான். அல்லாஹ்விடம் அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

காதி நல்ல பிள்ளை. செல்லாத சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், நீதிமன்றத்தில் நீங்களே விடுதலை கேட்கலாம் என்றார். இரண்டு காரணம் சொல்லலாமாம். கணவனுக்குப் புத்தி தடுமாறி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று டாக்டர் எழுதித் தந்தால் போதும், சுலபம். இன்னொன்று, அடித்தார் என்பது. அதற்குச் சாட்சி வேண்டும், தள்ளுபடியும் ஆகலாம்.

நோய்க்காக ஒரு மனிதனை விட்டுப்போகிறவள் நான் இல்லை. அப்படி என் பேரில் எழுதக்கூடாது. எதற்காகப் போகிறேனோ அதை எழுதட்டும். இரண்டாவதைத்தான் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கு உனக்குப் பதினான்கு வயது. நீ அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றாய். நான் பார்த்தேன்.

வரச்சொல்லி வற்புறுத்தவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


பாசிர் கெலாம்
28 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அபாங்,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகமா?

அம்மாவின் கடிதம் கிடைத்ததா என்று அம்மா கேட்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்கிறேன். அம்மா உங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. விசாரணை அக்டோபர் 12, காலை ஒன்பது மணிக்கு.

அத்தை நேற்று வாசலில் நின்று கத்தினார்: "எழுபது வயசுல கோர்ட்டு ஏறப் போறாளாம்! யாருடி வெளிய காத்துக்கிட்டிருக்கான், புது மாப்பிள்ளை?" அம்மா ஜன்னல் வழியாக, "இந்தப் பக்கம் வந்து கேளு தே. அந்தக் காதை உங்கண்ணன் வாங்கிட்டாரு" என்றார். அத்தை ஜன்னலின் மறுபக்கத்துக்கு வந்தார். "எனக்குத் தெரியாதே ரொக்கியா" என்றார். அம்மா கதவைத் திறந்துவிட்டார்.

எனக்கும் தெரியாது, அபாங். முப்பத்தேழு வருடமாக அம்மாவின் வலப்பக்கமாகவே நின்று பேசிவருகிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

காதி சொன்னார், சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று. டாக்டர் சீட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

சல்மியா


பெட்டாலிங் ஜெயா
19 செப்டம்பர் 1994

அன்புள்ள சல்மியா,

வ அலைக்கும் ஸலாம். உன் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் இறைவன் காப்பானாக.

சென்ற சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். நீங்கள் இருவரும் பாரிட் சந்தைக்குப் போயிருந்தீர்கள் என்று பாக் சூட் சொன்னார். அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தேன். ஸலாம் சொன்னேன். அதே ஸலாம் திரும்பி வந்தது. பிறகு முனகல்.

நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் மனத்துக்குள் கட்டி வைத்திருந்தேன். ஆண்டு, மாதம், அறையின் அமைப்பு, நான் நின்ற இடம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதை முதலில் அவர் முகத்துக்கு எதிரே சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். ஆனால் அவரைப் பார்த்ததும் கட்டியதெல்லாம் குலைந்துவிட்டது. சிறுவயதில் பேசியதுபோல்தான் பேச வந்தது.

"கதவுகிட்ட நின்னேன்" என்றேன்.

"கதவுகிட்ட நின்னேன்" என்றார்.

"அம்மாவ அடிச்சதப் பார்த்தேன்."

"அம்மாவ அடிச்சதப் பார்த்தேன்."

அவர் குரலில், சல்மியா. பள்ளிக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் அந்தக் கனத்த குரலில். இருந்தும் நிறுத்த முடியவில்லை.

"காதுல ரத்தம் வந்துச்சு" என்றேன். சொன்னார். "யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லல" என்றார் அப்பா. பிறகு நான் எதுவும் பேசாதபோதே, தானாக, இன்னொரு முறை: "யார்கிட்டயும் சொல்லல."

அது நோயின் போக்கு. வாக்கியம் சில நேரம் இருமுறை வரும் என்று நண்பர் சொல்கிறார். இருக்கலாம். நான் அவருடைய கால்மாட்டில் கிடந்த துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தேன். என் கை அவர் மேல் படுவதை இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக உணர்ந்தேன்.

மாத இறுதியில் வண்டியோடு வருவேன். அப்பா இனி என்னோடு இருப்பார், நொரைனி சம்மதித்துவிட்டாள். குளிக்கும்போது அவர் எதற்கு அஞ்சுகிறார், எந்தப் பக்கமாகச் சாய்ப்பது என்பதைப் பாக் சூட் எனக்குச் செய்து காட்டட்டும். அத்தையிடமும் ஜலீலிடமும் நானே போய்ப் பேசுகிறேன்.

அவர் சொன்னதை எந்த நீதிமன்றமும் ஏற்காது. நான் சொல்வதை ஏற்கும். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, ஒன்பது மணிக்கு முன்னதாகவே அங்கே இருப்பேன். அம்மாவிடம் சொல். அவருடைய வலப்பக்கமாக நின்று, நன்றாகக் கேட்கும்படி சொல்.

மொக்தார்